ஆடிப் பதினெட்டில் பிறக்கும் ஒன்றாம் நம்பர்

அந்த யோசனை எனக்கு ஓர் இட்லி மாவுக் கடையின் காலண்டரிலிருந்து வந்தது. மார்கழி தொடக்கம். சீசனின் உச்சம். எங்கள் ஆபீசில் தமிழ்த் தட்டச்சு செய்யும் அக்காவின் மானிட்டர் ஓரத்தில், துணி காயப்போடும் கிளிப்பில், பழைய காலண்டர் ஒன்றின் அடிப்பகுதியை மட்டும் கிழித்து மாட்டியிருந்தார்கள். மேலே குலசாமி துணை, அதன் கீழே கடைப் பெயர், உரிமையாளர் பெயர், தெரு, இரண்டு செல் நம்பர். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போன வருசமும் இதே மேட்டர்தானா?"

"இதேதான். அதுக்கு மொத வருசமும் இதேதான். மாவு புளிச்சாலும் மேட்டர் மாறாது."

"அப்ப பழசையே எடுத்துப் போட வேண்டியதுதானே?"

"எங்கன இருந்து எடுக்க? அது போன சீசன் பெட்டிக்குள்ளயில்ல கெடக்கு."

காலண்டரில் அச்சாக வேண்டிய வாசகத்தைத்தான் எங்கள் தொழிலில் மேட்டர் என்போம். பெட்டி என்று அக்கா சொன்னது ஒரு பிஸ்கட் டின்னை. சிவகாசியில் நான் வேலைக்குச் சேர்ந்த காலண்டர் கம்பெனியில், ஆர்டர்களைப் பதிய ஒரு பழைய மென்பொருள் இருந்தது. எவரோ ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. சீசனுக்கு ஒரு தரவுத்தளம். புது சீசன் தொடங்கும்போது காலியாக ஒன்றைத் திறப்பார்கள். முடிந்த சீசனை சி.டி. தட்டில் பதிந்து பிஸ்கட் டின்னில் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்கள். பழையதைத் திறக்க வேண்டுமானால் நடப்பு சீசனை மூட வேண்டும். ஏஜெண்டுகள் போனில் கத்திக்கொண்டிருக்கும் மாதங்களில் அதற்கு யார் விடுவார்கள்? ஆகவே, ஒவ்வொரு ஆண்டும், அதே ஆயிரக்கணக்கான கடைகளின் அதே விலாசங்களை அக்கா புதிதாக அடித்தார்.

அடித்து அடித்து அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதில் ஒரு துணிப்பட்டை சுற்றியிருப்பார். அன்றைக்கு அதை இறுக்கிக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "அடுத்த ஆடிக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு மொதலாளி அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன் பிள்ள. இந்தக் கை இன்னொரு சீசன் தாங்காது."

அக்கா எம். புதுப்பட்டியிலிருந்து வருகிறவர். அவருடைய தெருவில் காலையில் வேன் வந்து நின்றால் முக்கால்வாசிப் பேர், ஊரில் பட்டாசு ஆபீஸ் என்று சொல்லும் ஆலைக்கு ஏறிப் போவார்கள். அதே வேனில் ஏறி, நடுவழியில் இறங்கி, கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர் அக்கா ஒருவர்தான். அவருக்குத் தமிழ்த் தட்டச்சு என்பது சம்பளம் மட்டுமல்ல. என்னுடைய வேகத்தைப் பார்த்து, "என்னத்தா, கோழி கொத்துற மாதிரி கொத்துற?" என்று சிரிக்கும்போது அவர் முகத்தில் தெரிவது வேறு ஒன்று. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நானோ விருதுநகரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, பில் போடும் வேலைக்குச் சேர்ந்து, சும்மா இருக்கத் தெரியாமல் எல்லாருடைய திரையையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். மாலை பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டுவதற்குள் மனதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்லா சீசன்களையும் ஏற்றுமதி செய்து, ஒரே தரவுத்தளத்தில் இறக்க வேண்டும். கடைப் பெயரில் நாலு எழுத்து தட்டினால் பழைய மேட்டர் வந்து நிற்க வேண்டும். மாறியதை மட்டும் அக்கா திருத்தினால் போதும். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன்.

பொங்கல் கழிந்து கூட்டம் ஓய்ந்ததும் முதலாளியிடம் போய் நின்றேன். நான் ஒரு மூச்சில் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏத்தா, இது ஆடிக்கு ரெடியாகுமா, ஆவணிக்கு ரெடியாகுமா? ஆவணின்னா இப்பவே விட்டுரு."

எங்கள் ஊரில் அடுத்த ஆண்டின் காலண்டர் பிறப்பது ஆடிப் பெருக்கில். அன்று காலை பூசை போட்டு, புது மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவோம். பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஏஜெண்டுகள் வந்து ஆல்பத்தை வாங்கி, கையோடு முதல் ஆர்டரையும் போடுவார்கள்.

"ஆடிப் பதினெட்டு காலையில மொத ஆர்டர் உன் கம்ப்யூட்டர்ல ஏறணும். ஏறலையா, பழசுலயே ஓட்டுவோம். நடு சீசன்ல வண்டி மாத்த முடியாது." சொல்லிவிட்டு ஒரு புதுக் கம்ப்யூட்டரும் வாங்கிக் கொடுத்தார். வந்து சில மாதங்களே ஆன ஒருத்தியை நம்பி இவ்வளவு செய்தாரே என்று இப்போதும் வியக்கிறேன். அன்றைக்கு வியக்கக்கூட நேரமில்லை. ஓடிப் போய் அட்டைப் பெட்டியைப் பிரித்தேன்.

கடைசி இரண்டு சீசன்களை முதலில் எடுத்துக்கொண்டேன். தரவுத்தளத்தில் விவரங்கள் டேபிள்களாக இருக்கும். கடைகளுக்கு ஒரு டேபிள், ஆர்டர்களுக்கு ஒரு டேபிள், மேட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வரையறை உண்டு. என்னென்ன கட்டங்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து கொள்ளும், எதைக் காலியாக விடலாம், எது இரண்டு தடவை வரக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏற்றுமதி செய்தால் முதலில் வரையறை வரும், பின்னால் விவரங்கள் வரும். புது இடத்தில் அந்த வரையறைப்படி டேபிளைக் கட்டி, விவரங்களை அதில் நிரப்புவதுதான் இறக்குமதி. வீடு மாற்றும்போது முதலில் அலமாரியை நிறுத்தி, பிறகு பாத்திரங்களை அடுக்குவது மாதிரி.

எனக்கு அலமாரியே நிற்கவில்லை. இறக்குமதி முதல் வரியிலேயே நின்றது. ஆர்டர் டேபிளின் வரையறை, கடை டேபிளைச் சுட்டிக் காட்டியது. கடை டேபிளோ இன்னும் பிறக்கவே இல்லை. ஏற்றுமதி செய்த கருவி, டேபிள்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கிவிட்டிருந்தது. வரிசையை மாற்றி, கடையை முன்னால் வைத்தேன். சரியாகிவிட்டது. பிழையைச் சொன்ன அந்த ஒற்றை வரி எவ்வளவு தெளிவாக இருந்தது! எது இல்லை, எங்கே இல்லை என்று பெயர் சொல்லிக் காட்டியது. எனக்குப் பிழைச் செய்திகள் மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

ஆனாலும் அவசரக்காரிக்குப் பிரியம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்ததாக, 'இந்தக் கட்டத்துக்கு இந்த விவரம் நீளம்' என்று வரிக்கு வரி புகார் வந்தது. பழைய மேட்டர் முழுவதும் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. நான் அதை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித்தான் இறக்கினேன். பழையதில் ஒரே இடத்தில் அடங்கிய புள்ளி வைத்த எழுத்து, புதியதில் இரண்டு இடம் கேட்டது. கட்டத்தின் அகலமோ பழைய வரையறையில் இருந்த அதே அகலம். பொறுமையாகக் கட்டத்தை அகலமாக்கியிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், நீளம் பார்க்கும் கண்டிப்பைத் தளர்த்தும் ஓர் அமைப்பைப் போட்டு, புகாரை வாயடைத்தேன். இறக்குமதி வழுக்கிக்கொண்டு ஓடியது. பெருமையாக அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அக்கா திரையை மேலும் கீழும் பார்த்தார். "ஏ பிள்ள, இந்த ஜெனரல் ஸ்டோர்ஸ்காரரு பாதிக் கடைய வித்துட்டாராக்கும்?"

அந்தக் கடை 'ஜெனரல் ஸ்டோ' என்று நின்றது. அதன் கீழே இருந்த பாத்திரக் கடை 'எவர்சில்வ' என்று முடிந்தது. கட்டத்தில் கொள்ளாத எழுத்துகளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் இறக்குமதி ஓடியிருக்கிறது.

"இங்கன பாரு, குலசாமியையே பாதியில வெட்டிட்ட. இத அச்சடிச்சுக் குடுத்தா கடைக்காரரு நம்மள வெட்டிருவாரு."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கண்டிப்பை மறுபடி போட்டு, கட்டங்களை அகலமாக்கி, முதலிலிருந்து இறக்கினேன். பெயர்கள் முழுசாக வந்தன.

பில் வேலைக்கு நடுவே இதற்குள் வைகாசி முடிந்துவிட்டது. மூன்றாவது சிக்கல்தான் என்னை ஆனி முழுவதும் ஆட்டிவைத்தது.

இரண்டு சீசனையும் ஒரே டேபிளில் போடுவதால் ஆர்டர் நம்பர் மட்டும் போதாது. இரண்டிலும் ஒன்றாம் நம்பர் உண்டு. அதனால் வருடம் என்று நானே ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன். ஆர்டர் தேதியில் உள்ள வருடத்தை அதில் நிரப்பினேன். வருடமும் நம்பரும் சேர்ந்த ஜோடி இரண்டு தடவை வரக்கூடாது என்று வரையறையில் எழுதினேன். பார்க்க எவ்வளவு ஒழுங்கு! முதல் சீசன் முழுவதும் தடையில்லாமல் இறங்கியது. இரண்டாவது சீசனும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பகுதிக்கு வந்ததும் நின்றது. 'இந்த வருடம், இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது.'

எடுத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கடை. ஒன்று பொங்கல் கழிந்து வந்த ஆர்டர், இன்னொன்று மார்கழியில் வந்தது. இரண்டிலும் ஒரே வருடம், ஒரே நம்பர். தட்டச்சுப் பிழையோ என்று பார்த்தேன். இல்லை. ஒன்றிரண்டல்ல, அப்படி நிறைய இருந்தன.

இறக்குமதியில் ஒரு வழி உண்டு. இரட்டையாக வருவதை விட்டுவிட்டு மேலே போ என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். பிழையே இல்லாமல் ஓடி முடிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். இந்த முறை அவரே விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் சோதனையாக நம்முடைய பழைய நண்பரைத் தேடினார்.

"உன் பெட்டியில இந்த சீசன் இட்லி மாவைக் காணோமே."

"நல்லாப் பாருங்கக்கா."

"எம்புட்டு நேரம் பாக்க? மாவுக் கடைக்காரரு ஏஜெண்டுகிட்ட சண்டைக்கு வருவாரு, ஏஜெண்டு எங்கிட்ட வருவாரு, நான் திரும்பவும் உக்காந்து அடிக்கணும்." கேலியாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வார்த்தைகளில் குரல் கொஞ்சம் இறங்கியது. மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலண்டரைப் பார்த்துத்தானே இந்த யோசனையே எனக்கு வந்தது! அந்தக் கடையின் ஆர்டரையே தொலைத்துவிட்டு எதைச் சாதித்தேன்?

ஆடி பிறந்தது. அச்சகம் முழுக்க ஆல்பம் வேலை. முதலாளி ஒருநாள் என் மேசையைத் தாண்டிப் போகும்போது, நிற்காமலே சொன்னார்: "பழைய கம்ப்யூட்டர்ல புது சீசனைத் திறந்து வச்சிருக்கச் சொல்லியிருக்கேன். ஒரு பாதுகாப்புக்கு." கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பழையது ஓடினால் அக்கா தட்ட வேண்டும். அக்காவால் தட்ட முடியாது. அப்புறம் அந்த நாற்காலி?

பெருக்குக்கு முந்தின நாள் மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன். பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கையில் இருப்பது ஒரே நாள், அதிலும் திரை கருப்பு. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. உள்ளே புழுக்கம் தாங்காமல் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதலாளி அங்கே நம்பரிங் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை அளவு இரும்புக் கருவி. ஆர்டர் தாளில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் நம்பர் விழும், அதுவாகவே அடுத்த எண்ணுக்கு நகர்ந்துகொள்ளும். ஒவ்வோர் ஆர்டருக்கும் அவர் கையாலேயே அடிப்பார். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அதன் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, ஓர் ஊசியால் ஒவ்வொரு சக்கரமாகத் தள்ளித் தள்ளிப் பின்னால் கொண்டுவந்தார்.

"என்ன அண்ணாச்சி செய்றீக?"

"நாளைக்குப் பூசைல்ல. ஒண்ணுல நிறுத்தணும்."

சக்கரம் டக்கென்று விழுந்தது. பழைய தாள் ஒன்றில் அடித்துப் பார்த்தார்; நகர்ந்த சக்கரத்தை மறுபடி பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தாளைக் காட்டினார். ஒன்று.

இந்த நம்பர் ஜனவரியில் பிறப்பதே இல்லையே! ஆடிப் பெருக்கில் பிறந்து, மார்கழியைத் தாண்டி, பொங்கலுக்குப் பிறகும் வளர்ந்து, அடுத்த பெருக்கு வரை உயிரோடு இருக்கிறது. நான் தேதியைப் பார்த்து வருடம் போட்டதில், ஒவ்வொரு சீசனையும் டிசம்பர் முடிவில் இரண்டாக வெட்டியிருக்கிறேன். வெட்டிய வாலை அடுத்த சீசனின் தலையோடு ஒட்டியும் விட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு வந்த முந்தைய சீசனின் பெரிய நம்பர்களும், மார்கழியில் அதே உயரத்துக்கு வளர்ந்துவிட்ட அடுத்த சீசனின் நம்பர்களும் ஒரே வருடத்துக்குள் முட்டிக்கொண்டன. பழைய மென்பொருளில் சீசனுக்கு என்று ஒரு கட்டமே இல்லாததற்கும் காரணம் புரிந்தது. அங்கே தரவுத்தளமேதான் சீசன். அதை வெளியே எடுத்தபோது, எந்த சீசனிலிருந்து எடுத்தோம் என்ற ஒரே விவரத்தை நான் கீழே போட்டுவிட்டேன்.

எழுந்து நின்றவள் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. முதலாளி சொல்லித்தான் தெரியும். "அண்ணாச்சி, நீங்க நல்லா இருப்பீக!" என்று கத்தினேனாம். "நம்பர் மெஷினைத் துடைச்சதுக்கா இம்புட்டு வாழ்த்து?" என்று அவர் அதை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

கரண்ட் வரும் வரை சும்மா இருக்க முடியுமா? அச்சில் வீணான தாள் ஒன்றின் பின்பக்கத்தில் புது வரையறையை எழுதினேன். வருடம் என்ற கட்டத்தை அடித்தேன். சீசன் என்று எழுதினேன். அது தேதியிலிருந்து நிரம்பாது. எந்தத் தரவுத்தளத்திலிருந்து வருகிறதோ அந்த சீசன். காலியாக விடக்கூடாது. சீசனும் நம்பரும் சேர்ந்த ஜோடி இரண்டு தடவை வரக்கூடாது. அக்கா பக்கத்தில் வந்து அந்தத் தாளாலேயே எனக்கு விசிறிவிட்டார். நான் எழுத, அவர் விசிற, தாள் கை மாறிக்கொண்டே இருந்தது.

மாலையில் விளக்கு எரிந்ததும் ஓடினேன். எல்லாவற்றையும் அழித்து, டேபிளைப் புதிதாகக் கட்டி, இரண்டு சீசனையும் இறக்கினேன். நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லவும் இல்லை. பழைய இரண்டிலும் இருந்த ஆர்டர்கள் அத்தனையும் புதியதில் இருந்தன. அக்கா மாவுக் கடையின் முதல் நாலு எழுத்தைத் தட்டினார். குலசாமி துணை, கடைப் பெயர், தெரு, இரண்டு செல் நம்பர்.

"வந்துட்டாருய்யா மாவுக்காரரு," என்றார் அக்கா. வேன் ஹாரன் அடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அன்று என்னோடு பஸ்ஸில்தான் வந்து பாதியில் இறங்கினார்.

மறுநாள் பூசை. ஆல்பங்களின் மேல் மஞ்சள், குங்குமம். நம்பரிங் மெஷினுக்கும் ஒரு பொட்டு. சர்க்கரைப் பொங்கல் கையில் ஒட்டிக்கொண்டிருக்க, நெல்லைப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் முதல் ஆளாக வந்து அக்காவின் முன் உட்கார்ந்தார். வழக்கம்போலப் பையைத் திறந்து, கிழித்த காலண்டர் அடிகளை ஒரு கட்டாக எடுத்தார்.

"இந்தா தாயி, மேட்டரு."

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. கடைப் பேரை மட்டும் சொல்லுங்க."

சொன்னார். அக்கா தட்டினார். திரையில் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்களை நம்பாமல், கையிலிருந்த தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா போன வருசம் இவுக இனிஷியலை விட்டுட்டீகள்லா? அதையும் அப்படியே வச்சிருக்கீக!"

"தப்பையும் பத்திரமா வச்சிருக்கா எங்க பிள்ள," என்றார் அக்கா. ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் சேர்த்தார். அவ்வளவுதான். முதலாளி ஆர்டர் தாளில் மெஷினை அழுத்தினார். தாளிலும் ஒன்று, திரையிலும் ஒன்று.

பழைய கம்ப்யூட்டர் பக்கத்திலேயே காலித் திரையோடு ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் முதலாளி வந்து அதைப் பார்த்தார். "இத அணைச்சு மூடி வையி. தூசி விழும்," என்றார். எனக்கு அது போதும்.

கூட்டம் குறைந்ததும் அக்கா என் பக்கம் நாற்காலியை இழுத்தார். "கை வலி இருக்கத்தான் செய்யுது. ஆனா இன்னைக்கு அம்புட்டு ஆர்டருக்கும் சேத்து ஒரு கடைக்கு அடிக்கிற அளவுதான் அடிச்சிருக்கேன். வேற ஆளு பாக்க வேண்டாம்னு அண்ணாச்சிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீ முந்திக்கிட்டுச் சொல்லிராத." பிறகு, "விருதுநகர்க்காரி, நாளைக்கு வாறப்ப எண்ணெய்ப் புரோட்டா வாங்கிட்டு வா," என்றார்.

அந்த நாட்களை நினைக்கும்போது யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று திகைப்பாக இருக்கிறது. வாயடைக்கப் பார்த்தும் சரியான இடத்தில் நின்ற பிழைச் செய்திக்கு. சிரித்துக்கொண்டே குறையைக் காட்டிய அக்காவுக்கு. ஆவணி ஆகாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, ஆடி வரை ஒரு வார்த்தை கடிந்து பேசாத முதலாளிக்கு. ஒரு நம்பரைக்கூட இரண்டு தடவை விழவிடாமல் பழைய டேபிள்களை வரையறுத்துவிட்டுப் போன, முகம் தெரியாத அந்த ஆளுக்கு. அந்த ஷட்டவுனுக்கும்தான்.

நேற்று முதலாளி பிஸ்கட் டின்னை எடுத்து என் மேசையில் வைத்தார். அதற்கும் முந்தைய சீசன்களின் தட்டுகள். நடுவில் ஓரிரு வருடம் காலண்டர் போடாமல் விட்டு, இப்போது திரும்பி வரும் கடைகளின் மேட்டர் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. மேலே இருந்த தட்டைத் திறந்து பார்த்தேன். அதில் செல் நம்பருக்குக் கட்டமே இல்லை. வீட்டுப் போனுக்கு மட்டும் ஒன்று இருக்கிறது. கடையும் மேட்டரும் தனித்தனியாக இல்லாமல் ஒரே டேபிளில் கிடக்கின்றன. நாளைக்கு விவரங்களைத் தொடப் போவதில்லை. வரையறைகளை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து, புதியதோடு அருகருகே அச்சடித்து, அக்காவும் நானும் சிவப்புப் பேனாவோடு உட்காரப் போகிறோம். எந்தக் கட்டம் எங்கே போகும், எதற்குப் புது இடம் வேண்டும் என்று கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு தட்டை இறக்கிப் பார்ப்பேன்.